முப்பது நானோமீட்டர் பிழை

யோயென்சூவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே, வெற்றிடக் கலத்தின் வட்டச் சன்னலில்
ஜெர்மானியம் உருகிக் கொதிக்கிறது, ஆரஞ்சாக,
ஓசையே இல்லாமல்.

ஒரு படலம் ஜெர்மானியம், ஒரு படலம் துத்தநாக சல்ஃபைடு,
மறுபடியும், மறுபடியும்,
நாற்பத்து மூன்று.
அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு தலைமுடிப் பருமன் தேறாது.

துய்ரே அதைக் கணினியில் வரைந்தபோது
சிகரத்தை 3.34 மைக்ரானில் நிறுத்தினாள்.
மீத்தேன் இருப்பது 3.31இல்.
"தப்பு," என்றேன்.
"தப்புதான்," என்றாள். "இங்கே."

கேமராவுக்குள் எண்பது கெல்வின்.
அந்தக் குளிரில் எதுவும் வைத்த இடத்தில் நிற்பதில்லை.
படலங்கள் ஒடுங்கும், சிகரம் நகரும்,
நகர்ந்துபோய்
உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும்.

முதல் தொகுதி செத்தது.
செல்லோடேப்பை ஒட்டி ஒரே இழுப்பு,
சோதனை அவ்வளவுதான்.
டேப்போடு வந்துவிட்டது நாலு வார வேலை,
வெந்த முதுகில் தோல் உரிவதுபோல.
இல்போ அந்தத் துண்டைக் குறிப்பேட்டில் ஒட்டித்
தேதி போட்டான். காபி ஆறியது.

இரண்டாவது ஒட்டிக்கொண்டது.
ஃபில்டரை வைக்குமுன் வெறும் பெட்டியை அளந்தோம்.
நேராகப் போன கோடு
4.26இல் குழிக்குள் விழுந்தது.
நைட்ரஜன் கசிகிறதா? ரப்பர் வளையமா? விளக்கா?
ஒரு மணி நேரம் திருகாணிகளோடு மல்லுக்கட்டினேன்.
பிறகு துய்ரே வாயைப் பொத்திச் சிரித்தாள்:
மூடியை மூடக் குனிந்தவள்
ஒரு மூச்சு விட்டிருக்கிறாள் உள்ளே.
கரியமில வாயு.
அந்த வரைபடத்தை நான் அழிக்கவில்லை.
கோப்பின் பெயர் துய்ரே-1.

திரவ நைட்ரஜன் ஊற்றினோம்.
3.34
3.33
சிகரம் இடப்பக்கமாக நடந்தது, அவசரமில்லாமல்,
3.312.
கடைசி இரண்டைப் பார்த்து இல்போ உதட்டைப் பிதுக்கினான்.
போதும் என்றாள் துய்ரே.

மே கடைசி. இலொமன்ட்சிச் சதுப்பு.
பலகைப் பாதையோரம் முக்காலியின் ஒரு கால் அமிழ்கிறது.
கண்ணுக்குப் பாசி, குட்டைப் பைன்கள், கொசு.
திரையில்
பாசி இடுக்குகளிலிருந்து கறுப்பிழைகள் எழுந்தன.
"லென்ஸில் அழுக்கு," என்று இல்போ துணியை எடுத்துத்
துடைத்தான். இன்னொரு முறையும் துடைத்தான்.
இழைகள் அங்கேயே இருந்தன.
காற்று வந்ததும்
எல்லாம் ஒருசேரக் கிழக்கே சாய்ந்தன.

துய்ரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
திறந்த வெளிதான்.
பழக்க தோஷம்.