தரச்சான்று இல்லாத முடி

பெயர்ப்பலகையில் தெஸ்ஸி.
பிறப்புச் சான்றிதழில் தியோதோரோ.
பிலிப்பைன்ஸின் ஓர் ஓரத்தில்
மலூனோக் என்கிற விரிகுடாவில்
இருபத்திரண்டு வருடமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறேன்.
தலைக்கு எண்ணெய் வைக்கத் தெரியும் எனக்கு.
கடலுக்கு வைத்தவன் எவன் என்று
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கப்பல் கவிழ்ந்தது செவ்வாய்க்கிழமை.
புதன்கிழமை, "கசிவு இல்லை" என்றது வானொலி.
வியாழக்கிழமை, "சிறு கசிவு."
வெள்ளிக்கிழமை என் கடை வாசலில்
செருப்பைக் கழற்றிய இசகானி
காலைக் கழற்ற முடியாமல் நின்றான்,
கணுக்கால் வரை தார்.
மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன்.
தோல் சிவந்தது. நாற்றம் போகவில்லை.

உதவி எண்ணை அழைத்தோம்.
ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து,
பிறகு ஒரு பியானோ.
நெனித்தா அதை முழுதாகக் கேட்டிருக்கிறாள்,
பதினேழு முறை.
இப்போது நண்டுக்கூடையைக் கழுவும்போது
தன்னையறியாமல் அதையே முணுமுணுக்கிறாள்,
பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொள்கிறாள்.

முடி எண்ணெயைக் குடிக்கும் என்றாள்
பள்ளியில் வேதியியல் எடுக்கும் ரொவேனா.
ஒரு வாளி கடல்,
என் கடைத் தரையிலிருந்து கூட்டியள்ளிய ஒரு கைப்பிடி.
தண்ணீர் தெளிந்தது.
அவ்வளவு அமைதி என் கடையில் இருந்ததே இல்லை.

முடியாது என்று அவர்கள் சொன்ன இடத்தில்
முடியை வைத்துத் தொடங்கினோம்.

கல்யாணத்துக்கு வளர்த்ததைக்
கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள் ஒருத்தி.
அடெலைதோ தாடியைக் கொடுத்தான்;
அடியில் ஒரு பழைய வெட்டுத்தழும்பு,
யாரும் விசாரிக்கவில்லை.
மீன்சந்தை எடைக்காரர் தலையில் நாற்பது இழைதான்,
"கணக்கில் சேர்" என்றார்.
எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளாத மொட்டைகள்
தெருவெல்லாம் நடந்தன.
மாவட்டச் சிறையிலிருந்து இரண்டு சாக்கு வந்தது,
முத்திரையோடு, கையெழுத்தோடு.
அரசாங்கம் ஒரு மயிரும் பிடுங்கவில்லை என்று
அதுவரை திட்டிக்கொண்டிருந்த எடைக்காரர்
சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அழகிப் போட்டிகளுக்கென்று நான் சேர்த்துவைத்த
பதினொரு ஜோடி நைலான் காலுறைகளில்
ஊரைத் திணித்து முடிச்சுப் போட்டோம்.
மூங்கிலில் கட்டி
அலையாத்தி மரங்களின் முழங்காலைச் சுற்றி
மிதக்க விட்டோம்.

பத்தொன்பதாம் நாள் வந்தார்கள்.
வெள்ளைப் பூட்ஸ். மடிப்புக் கலையாத மேலங்கி.
மூன்று பேர் படம் எடுத்தார்கள்.
நாலாவது ஆள் குனிந்து
என் காலுறையை ஒரு குச்சியால் குத்திப் பார்த்தார்.
"இதற்குத் தரச்சான்று இருக்கிறதா?"

"எண்ணெய்க்கு இருக்கிறதா?"
என்று கூட்டத்தில் ஒரு குரல்.
யார் அது என்று கேட்டு ஒரு பேனா திறந்தது.
கப்பல் கவிழ்ந்த நாள் முதல்
அவர்கள் உடனடியாகச் செய்த காரியம்
அந்தப் பேனாவைத் திறந்ததுதான்.

நிவாரணப் படிவத்தில் ஒரு கட்டம்:
பிடிக்காத மீனின் எடை, கிலோவில்.
இசகானி ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்தபடி இருந்துவிட்டு
என்னிடம் கேட்டான்,
"தெஸ்ஸி, குடல் நீக்கியா, நீக்காமலா?"
சிரிக்கத் தொடங்கியது யார் என்று தெரியாது.
நிறுத்தத்தான் தெரியவில்லை.

அகற்றச் சொன்னவற்றைப் பகலில் அகற்றுகிறோம்.
இரவு ஓதம் ஏறுமுன் மறுபடி கட்டுகிறோம்.
நனைந்து கனத்தவை கடைக்குப் பின்னால் குவிந்திருக்கின்றன,
ஆபத்தான கழிவு, தொடக்கூடாது,
எடுத்துப்போக வண்டி வரும் என்றார்கள்.
யாருடைய முடி எது என்று
இனி எனக்கே தெரியாது.

நேற்று நெனித்தா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.
தலையில் அரை அங்குலம்.
"எடு" என்றாள்.

இன்னும் வளரட்டும் என்றேன்.
வண்டி வருவதற்குள்
பின்னலே போடலாம்.