கண்ணாடியைக் கழற்றிய கிழமை

திருக்கோயில் பக்கம்
மரமுந்திரிகைக் காணி துப்புரவாக்கையில்
கிளையோடு விழுந்ததாம்.
பின்னங்கால் நசுங்கி,
பெக்கோ ஓட்டுகிற லோகிதராசாவின் சாரத்து மடியில்
அக்கரைப்பற்று மிருக வைத்தியரிடம் போய்க்
கட்டுப் போட்டிருக்கிறது.
'ஆறு கிழமைக்கு ஆராவது பாக்கவேணும் மிஸி,
வனசீவராசிக் கந்தோரிலயும் கடிதம் எடுத்தாச்சு,
நீங்கதானே காயம் பாக்கிற ஆள்.'
மனிசரின் காயம் என்று சொல்ல
வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வரும்.

அலுமினியக் கடை முபீதிடம்
யன்னலுக்கு வெட்டி மிஞ்சிய சட்டம் கேட்டேன்.
'கோழிக்கூடோ?'
பச்சோந்தி என்றதும்
கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.
'எலெக்ஷன் வரட்டும் மிஸி,
எங்கட வட்டாரத்திலயே நாலஞ்சு புடிச்சுத் தாறன்.'
உயரமாக வேண்டும் என்றேன், அகலம் வேண்டாம்.
நிலத்தில் அதற்கு அலுவல் இல்லை.

கிண்ணத்துத் தண்ணீர் அதற்குத் தெரியாதாம்.
நிற்பது தண்ணீரே இல்லை,
இலையில் உருண்டு விழுவதுதான் தண்ணீர்.
திகதி முடிந்த சேலைன் குழாய் ஒன்றை
வாட்டில் கையெழுத்து வைத்து வாங்கிவந்து
செவ்வரத்தைச் சாடியின் மேல் தொங்கவிட்டேன்.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு துளி.
இருபது வருடச் சேவையில்
நரம்பு தேடாமல் ஏற்றிய முதல் சேலைன்.

பிறகு சாப்பாடு. உயிரோடு வேண்டும்.
மருந்தடிக்காத வயலில் பிடிக்க வேண்டும்.
'மருந்தடிக்காத வயலா?'
சம்மாந்துறையில் ஒருவர்
எனக்குக் காய்ச்சலோ என்பதுபோலப் பார்த்தார்.
கடைசியில் குளியலறைச் சுவரோரம்
பதினொரு சுவர்க்கோழி.
முபீத் சொன்னது சரிதான், கோழிக்கூடுதான்.
அவற்றுக்கும் பசிக்குமே என்று கரட் துருவினேன்.
ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ளிருந்து
விடியும்வரை கத்தின.
இவர் தலையணையோடு மண்டபத்துக்குப் போனார்.
'சத்தமில்லாத சாமான் எண்டுதானே சொன்னாய்?'
அது சத்தமில்லாததுதான்.
அதன் பசிக்குத்தான் சத்தம்.

கூடு வைத்த மூலைக்கு எதிரே நிலைக்கண்ணாடி.
தன்னைக் கண்டால்
இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று
ஊதி, கறுத்து,
அந்தக் கோபத்திலேயே மெலிந்துபோகுமாம்.
கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
நெற்றியை விரலால் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டு
காரைதீவிலிருந்து கல்முனைக்கு பஸ் ஏறினேன்.

பெரிய டொக்டரிடம் சிங்களத்தில் ஒரு 'ஒவ் சேர்'.
மூன்றாம் கட்டில் மருதமுனை உம்மாவிடம்
'என்ன கா, வயித்துவலி கொறஞ்சிட்டா?'
ஏழாம் கட்டில் கோட்டைக்கல்லாற்று போதகரிடம்
வேதாகமத்துத் தமிழ்.
தொலைபேசியில் அம்மாவுக்கு
'வாறன், வாறன், வையுங்க.'
ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு நிறம்.
முந்தி, சோதனைச் சாவடிகளில்
இதே நாக்கு நிறம் மாறியது வேறு காரணத்துக்கு.
அதை இதில் எழுதவில்லை.

வைத்தியர் தந்த தாளில் கிடந்தது:
ஒளிய மட்டுமல்ல அது நிறம் மாறுவது.
குளிர்ந்தால் கறுக்கும், வெயிலைக் குடிக்க.
நித்திரையில் வெளிறும்.
அடியில் சிவப்புப் பேனையால்
'கையில் எடுக்க வேண்டாம்.
அதிகம் பார்க்கவும் வேண்டாம்.'

பார்க்காமல் எப்படி ஒரு காயத்தைப் பார்ப்பது?

வெள்ளி, நாலரை.
ஈர்க்கால் துளையிட்ட சப்பாத்துப் பெட்டி.
லோகிதராசா வாசலில் செருப்பைக் கழற்றினான்,
வாட்டுக்குள் வருகிறவன்போல.
உள்ளேயிருந்து இவர்:
'நான் என்ன நிறச் சேட்டுப் போட?'

மூடியை நீக்கிப் பெட்டியைக் கூட்டுக்குள் வைத்துவிட்டுத்
திரும்பி நின்றேன்.
எதிரே கண்ணாடியின் முதுகு,
பலகை, நாலு ஆணி, ஒரு பழைய விலைச்சீட்டு.
துளி விழுந்துகொண்டிருந்தது.
நெடுநேரத்துக்குப் பிறகு
செவ்வரத்தையில் ஓர் இலை
பாரம் தாங்கிப் பணிகிற சத்தம்.

என்ன நிறம் என்று லோகிதராசாவைக் கேட்கவில்லை.
ஒரு கண்ணால் அது என் முதுகையும்
மற்றதால் சேலைனையும் பார்த்திருக்கும்.