ஐந்தே முக்காலடி

"மூவாயிரம் எதுக்கு, சுவரைத் தட்டவா?"
என்றான் மச்சான்.
இன்ஜினியர் அமலோற்பவம் தட்டினார்,
ஐந்து ரூபாய் நாணயத்தால், அறை அறையாக.
சில இடம் கெட்டி.
சில இடம் காலிப் பானை.

புதுப் பெயிண்ட் வாசனையில் நின்று
"ஆத்துத் தண்ணி இந்தத் தெருவுக்கே வந்ததில்ல"
என்றார் விற்கிறவர்.
குண்டு உப்பலவாடிக்குப் பின்னால்
பெண்ணையாறு வெறும் மணலாகக் கிடந்தது.

அமலோற்பவம் மறுத்துப் பேசவில்லை.
டேப்பை நீட்டி
சுவிட்சுப் பெட்டிகளை அளந்தார்:
தரையிலிருந்து ஐந்தே முக்காலடி.
எல்லா அறையிலும்.
பிரிட்ஜுக்கான பிளக்கும் அங்கேதான்.

"இந்த வீட்ல யாரு சார் அவ்ளோ உசரம்?"

விற்கிறவர் ஃபேனைப் பார்த்தார்.
மனைவி என் கையிலிருந்த அட்வான்ஸ் கவரை வாங்கித்
தன் பைக்குள் வைத்து
ஜிப்பை இழுத்தாள்.

கிளம்பும்போது
நான்தான் விளக்கை அணைத்தேன்,
எக்கி.