வெல்டு வேண்டாம்

கழனிவாசல் லேத் பட்டறையில்
கால் கழற்றி, குப்புறக் கிடக்கிறது ஸ்டீல் கிட்டார்.
பத்துக் கம்பிக்கு அடியில் இத்தனை இரும்பா என்று
டீ கொண்டுவந்த பையன் குனிந்து பார்த்துப் போனான்.

பெடல் மூன்றில் தகராறு இல்லை.
இடது பாதம் எட்டும்.
வலது பாதம் வால்யூமுக்கு.
லீவர்தான் இடிக்கிறது.

நாலாம் கம்பியை அரைச்சுரம் ஏற்றுவதை
ஊர் உலகமெல்லாம்
இடது முழங்காலுக்கு இடப்பக்கம் வைக்கிறது.
என் முழங்கால்
அரியக்குடி கேட்டில் ஸ்கூட்டரோடு விழுந்ததிலிருந்து
வெளியே போகாது. உள்ளே வரும், அவ்வளவுதான்.

"மேலே தூக்குற மாதிரி வச்சிரலாமா ஆச்சி?"
சேலைக் கொசுவம் மாட்டும் என்றேன்.
அந்தோணிராசு கொசுவத்தைக் கணக்கில் எடுத்ததில்லை;
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

வலது காலுக்கு மாற்றினோம்.
முழங்கால் தள்ள, பாதமும் கூடவே சாய,
சுரம் ஏறியது, சத்தம் இறங்கியது,
பந்தியில் மாப்பிள்ளை வயசைச் சொல்கிறவர் குரல் மாதிரி.

மறுபடி கழற்று.
கடைசியில், இறக்குகிற லீவர் இருக்கவேண்டிய
இடது முழங்காலின் உள்பக்கம்
ஏற்றுகிறது.
இறக்குவது வலதுக்குப் போயிற்று.
சுரத்தோடு சத்தமும் இறங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்.

"வெல்டு வச்சிரவா?"
வேண்டாம், போல்ட்டு போதும்.
முழங்கால் நாளைக்கு வேறு சொல்லலாம்.