பதினொரு கூடாரம்

பனச்சமூட்டில் வேன் புறப்படும் முன்
செயலாளர் பட்டியலைச் சத்தமாய் வாசித்தார்.
"ஆல்பர்ட் குடும்பம், நாலு பேர்.
டெய்சி டீச்சர் குடும்பம், மூணு.
ரெஜிலாவுக்க மாப்பிள்ளை குடும்பம், நாலு."
கல்யாணமாகி ஆறு வருஷம்.
செலஸ்டின் என்ற பெயர் எங்கள் சபையில்
விவாகப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது.
வள்ளவிளைக் கடற்கரையில் பிறந்தவர்,
மாதா கோயில்காரர்.
எங்கள் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவார்,
எப்போது வேண்டுமானாலும்
எழுந்து போகத் தோதாக.

அம்பூரி ரோட்டில்
போன் மலையாளத்தில் வரவேற்றது,
அடுத்த வளைவில் ஊமையானது.
வெட்டு நிறுத்திய ரப்பர் மரங்களில்
சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன.
இலைகளுக்குக் கீழே நெய்யாறு அணைத் தண்ணீர்.
"சத்தமே இல்ல, இதென்ன தண்ணி?"
என்றார், செருப்பில் ஏறிய அட்டைமேல்
உப்பைத் தூவிக்கொண்டே.

பத்துக் குடும்பத்துக்குப் புதுக் கூடாரம்.
கடைசியாய்ப் பெயர் கொடுத்த எங்களுக்கு
ஷீட் புரையிலிருந்து எடுத்த நீலப் படுதா.
புகையும் புளித்த பாலும் கலந்த வாடை.
"மோசேக்க கூடாரமும் இப்பிடி நாறுமா?"
ஜோவினுக்கு நாலு வயசு,
ஓய்வுநாள் பள்ளியில் படம் பார்த்திருக்கிறான்.
போதகர் மரச்சீனித் தட்டைக் கீழே வைத்தார்.
"ஆட்டுத்தோல் அல்லவா மக்கா,
இதைவிட மோசமா நாறியிருக்கும்."

ஜெபம் முடிந்து விளக்கணைந்ததும்
குட்டி அழத் தொடங்கினாள்.
பல் முளைக்கிற எட்டு மாத அழுகை.
மலையே கேட்டிருக்கும்.
பக்கத்துக் கூடாரத்தில் யாரோ இருமினார்கள்,
அது இருமல் இல்லை என்று
எனக்குத் தெரியாதா?
மாரோடு அணைத்துக்கொண்டு
ஊருக்குத் திரும்ப
எத்தனை மணி நேரம் என்று எண்ணினேன்.

பிறகு காற்று.
முதலில் ரப்பர் இலைகள் உச்சியில் இரைந்தன,
அப்புறம் ஆணிகள் பிடுங்கிக்கொண்டன,
டெய்சி டீச்சரின் கூடாரம்
டீச்சரை உள்ளே வைத்தபடியே
மெல்ல நடக்கத் தொடங்கியது.
இவர் வெளியே நின்று
விரலை நனைத்துக் காற்றில் பிடித்தார்.
"கச்சானுமில்ல, கொண்டலுமில்ல.
கிறுக்குப்பிடிச்ச மலைக்காத்து."
வேனின் மேலிருந்து நைலான் கயிறு வந்தது.
மழையில், வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மரம் பார்த்தார்,
இழுத்தார், சுற்றினார், கையை உதறினார்.
வள்ளத்தைக் கரையில் கட்டுகிற கை.
நான் அதுவரை பார்த்ததில்லை;
கல்யாணத்துக்கு முன்பே கடலை விட்டுவிட்டு
மார்த்தாண்டத்தில் ஏசி மெக்கானிக் ஆனவர்.
செயலாளர் போர்வையைத் தலையில் போட்டு
குடை பிடித்தார், இவருக்கல்ல, டார்ச்சுக்கு.
குட்டி எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

காலையில் வெயில்.
கட்டஞ்சாயா, ஈரப் போர்வைகள்,
ஞாயிறு ஆராதனைக்குள் கூடாரம் மடிக்க வேண்டும்.
ஒரு முடிச்சும் அவிழவில்லை.
ஆல்பர்ட் அண்ணன் பல்லால் கடித்துப் பார்த்தார்.
வாலிபர்கள் ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தார்கள்.
கத்தி எடுக்கலாம் என்றபோது
செயலாளர் தடுத்தார், கயிறு வாடகைக் கயிறு.
முதலில் டீச்சர்தான் கூப்பிட்டார்:
"செலஸ்டின்!"
அப்புறம் மேட்டிலிருந்து,
பாறைக்குப் பக்கத்திலிருந்து,
சாயாப் பானைக்குப் பின்னாலிருந்து,
செலஸ்டின், ஏ செலஸ்டின், இங்க வாரும்.
இவர் தண்ணீர் ஓரத்தில்
ஜோவினுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.
கேட்டது. கேட்காததுபோல
இன்னும் இரண்டு கை தண்ணீர் அள்ளினார்.

எங்கள் படுதாவின் முடிச்சோடு
நானும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினேன்.
எங்கள் பக்கத்தில்
புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை,
'இஞ்ச பாருங்க' தான்.
குட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
மேட்டின் விளிம்புக்குப் போய்
சபையார் அத்தனை பேரும் கேட்க
நானும் கூப்பிட்டேன்.