இருபிறப்பு

இடது தோளில் தொடங்கி
வலது இடுப்பு வரைக்கும்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு.
எங்கள் தெருவில் எவனும் போட்டிராத பூணூல்.
ஐயர் இல்லை, ஓமம் இல்லை.
ஹைமா சாலையில் விடியற்காலை நாலு மணிக்கு
நூற்றுப் பதினெட்டில் போன என் பிக்கப்பும்
விளக்கொளியில் நான்கு கால்களாக மட்டுமே தெரிந்த
ஒட்டகமும் சேர்ந்து மாட்டிவிட்டன.

மூன்று முறை உருண்டதாம்.
எனக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது.
பிறகு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன்,
தலை கீழே, சாலை மேலே.
ரேடியோ மட்டும் ஒன்றும் நடவாததுபோல்
அரபியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தது.
நெற்றியில் வழிந்ததைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.
செத்தவன் ரத்தம் இவ்வளவு சீக்கிரம் ஆறிவிடுமா?
நாக்கில் பட்டதும் புளித்தது.
லபான்.
பக்கத்து சீட்டில் வைத்திருந்த பெட்டி உடைந்து
என்மேல் மோர் ஊற்றிக்கொண்டிருந்தது.
சிரித்தேன்.
சிரித்தபோதுதான் விலா என்று ஒன்று
இருப்பது தெரிந்தது.

டிரெய்லரை நிறுத்திவிட்டு ஓடிவந்த ஸர்வர் கான்
தர்ப்பூசணி வெட்டும் கத்தியால் பெல்ட்டை அறுத்தான்.
முதலில் என் தலையைத்தான் பிடித்தான்,
இரண்டு கையாலும்.
மணலில் கிடத்தி, பெயர் என்ன என்றான்.
சுடலை, என்றேன்.
பாதியில் மூச்சு நின்றது.
அவன் காத்திருந்தான்.
முத்து, என்றேன்.

வெளிச்சம் வந்தபோது
ஒட்டகத்தின் சொந்தக்காரர் வந்தார்.
திட்டுவார் என்று
ஸர்வரின் போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.
அதன் கழுத்தருகே குந்தி
காதில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.
ஸம்ஹா என்றார். பெயர்.
சினையாக இருந்ததாம்.
பிறகு என் பக்கம் திரும்பி
நீ பிழைத்ததற்கு இறைவனுக்கே புகழ் என்றார்,
மீதிச் சில்லறை தருகிறவர்போல, சாதாரணமாக.
வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

நான்கு நாள் வீட்டுக்குச் சொல்லவில்லை.
எப்போதும் பனியனோடு வீடியோவில் வருகிறவன்
கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தால்
செல்வராணிக்குத் தெரியாதா?
சட்டையக் கழட்டுங்க, என்றாள்.
கழட்டினேன்.
அவள் அசையவேயில்லை. படம் உறைந்துவிட்டது,
நெட்வொர்க் என்று நினைத்தேன்.
அவள் தலைக்குமேல்
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கொட்டிப்போன மோருக்கு
மாதம் பதினைந்து ரியால் பிடித்தம், எட்டு மாதம்.
கணக்கர் தயங்கித் தயங்கித்தான் தாளை நீட்டினார்.
இவ்வளவுதானா சார், என்று கேட்டுவிட்டேன்.
மனுஷன் பயந்துபோய்
மறுபடி கூட்டிப் பார்த்தார்.

கோடு பச்சையாகி, மஞ்சளாகி,
நேற்றுக் கண்ணாடியில் தேடினால் இல்லை.
சோப்பு மட்டும் இன்னும்
அந்த வழியில் மெதுவாகப் போகிறது.

மறுபடி அதே சாலை, அதே மோர்.
பெல்ட்டை இழுத்து மாட்டுகிறேன். டக்.
சாவியைத் திருகுமுன்
இரண்டு பெயர் சொல்லிக்கொள்கிறேன்.
ஒன்று கத்தி வைத்திருந்தவன்.
மற்றது ஸம்ஹா.
எண்பதைத் தாண்டுவதில்லை.