ஏரா

தடைக்காலம். டோக்கன் ஜன்னல் சாத்தியிருக்கிறது.
பாம்பன் தெற்குக் கரையில்
விசைப்படகுகள் ஏறிக் கிடக்கின்றன.
சுரண்டிய பெயிண்ட் மணலெங்கும் செதில்செதிலாய்.

பன்னிரண்டு வருடம் இந்த ஜன்னலில்.
எண் பார்ப்பேன், பெயர் பார்ப்பேன், முத்திரை குத்துவேன்.
ஒருமுறை ஏமாந்தேன்:
அபராதம் கட்டாத படகொன்று
நீலத்தை வழித்துப் பச்சை பூசி
வேறு எண்ணோடு வந்து நின்றது.
பார்த்துப் போங்க என்று சொல்லியே அனுப்பினேன்.

என் ரத்தத்தில் இருக்கும் எச்.ஐ.வி.யும்
அந்த ரகம்தான்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிஸா
சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
உடம்பின் காவல் அடையாளம் எழுதி முடிப்பதற்குள்
அது சட்டையை மாற்றிவிடுமாம்.
அதோடு போனால் பரவாயில்லை.
தன்னைத் தலைகீழாய் எழுதி
நம் பதிவேட்டிலேயே ஒரு வரியாகிவிடும்,
நம் கையெழுத்தில், நம் மையில்.
எந்தக் குமாஸ்தா அதை அடிப்பான்?

காவலைப் பழக்க முடியாதா என்றேன்.
முயன்றுகொண்டிருக்கிறார்கள், இன்னும் கைகூடவில்லை என்றார்.
ஒரே ஊசியில் ஆகாது.
முதலில் ஒரு துண்டை மட்டும் காட்ட வேண்டும்.
பல லட்சம் அணுக்களில் ஒன்று திரும்பிப் பார்க்கும்.
அதற்கு அடுத்த துண்டு. பிறகு இன்னொன்று.
கடைசியில்தான் முழு உருவம்.
"எத்தனை வேஷம் போட்டாலும்
மாற்ற முடியாத ஒரு இடம் அதுக்கும் இருக்கு."

பஸ்ஸிறங்கி நேரே கரைக்கு வந்தேன்.
முட்டுக்கொடுத்த படகின் அடியில்
சவேரியான் மேஸ்திரி மல்லாந்து கிடந்தார்.
நிறமில்லை, எண்ணில்லை, வெறும் பலகை.
யாருது இது?
எழுந்திருக்கவில்லை. ஏராக்கட்டையை
உள்ளங்கையால் ஒருதரம் வழித்தார்.
"ரெமிஜியாஸ் படகு. ரெண்டு கை மாறியாச்சு."

நானும் குனிந்து கை வைத்தேன்.
பின்பக்கம் லேசாய் ஒரு கோணல், ஒரு பழைய ஆணி.
அடுத்த படகு. அதற்கடுத்தது.
ஐந்தாவதைத் தப்பாய்ச் சொன்னேன்.
மேஸ்திரி வாயில் ஆணியோடு சிரித்தார்.
ஏழாவதையும்.

சட்டைப்பையில் இந்த மாத ரிப்போர்ட்:
கண்டறியப்படவில்லை.
இல்லை என்று போடவில்லை.

மணி ஒன்பது. மாத்திரையை விழுங்கிவிட்டுக்
கடலைப் பார்த்தேன்.
விசைப்படகு விளக்கு ஒன்றுகூட இல்லை.
எல்லாம் என் முதுகுக்குப் பின்னால்,
ஜூன் பதினைந்துக்குக் காத்துக்கொண்டு.